வாசகரிடம் உதவி கேட்பது எப்படி? நெருக்கடியில் இருக்கும் எழுத்தாளருக்கு ஒரு வழிகாட்டி

எழுத்தை மட்டுமே நம்பி வாழ்பவருக்குச் சம்பளத் தேதி என்று ஒன்று கிடையாது. சன்மானம் தாமதமாகும். ஒப்புக்கொண்ட பணி பாதியில் கைவிடப்படும். ஒரு நோய் வந்தால் மூன்று மாத உழைப்பைக் கொண்டுபோய்விடும். வாடகை மட்டும் தன் நாளில் தவறாமல் வந்து நிற்கும். அப்போது வாசகர்களிடம் உதவி கேட்கலாமா என்ற எண்ணம் எழும், கூடவே கூச்சமும் எழும்.

கேட்கலாம். உங்கள் எழுத்தை ஆண்டுக்கணக்கில் படித்துவருபவர்களில் பலர், நீங்கள் தவிக்கிறீர்கள் என்று தெரிந்தால் உதவவே விரும்புவார்கள். ஆனால் எப்படிக் கேட்பது என்பதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உடல்நலம் குன்றி எழுத முடியாமல் போனபோது, ‘கடினமான காலம், முடிந்தவர்கள் உதவுங்கள்’ என்று நான்கு வரிகளில் கேட்டிருந்தேன். பணம் வந்தது. ஒரு மாதம் கழித்து, முதல் நாளே பணம் அனுப்பிய வாசகி ஒருவர் எழுதினார்: ‘இப்போது சமாளித்துவிட்டீர்களா? இன்னும் தேவை இருக்கிறதா?’ என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எவ்வளவு தேவை என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் நல்ல மனத்துடன் கேட்ட எளிய கேள்வி அது. அதற்குப் பதில் இல்லாமல் நான் பொதுவில் கை நீட்டியிருந்தேன்.

அதன் பிறகு வேறு சில எழுத்தாளர்களுக்கு இப்படிப்பட்ட வேண்டுகோள்களை எழுத உதவியிருக்கிறேன். முதல்முறையாகக் கேட்கப்போகிறவர் செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கொடுக்கப்போகும் வாசகருக்கும் கடைசியில் சில வார்த்தைகள் உண்டு.

முதலில் இரண்டு எண்கள்

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகளாகப் பிரியுங்கள். இடப்பக்கம், அடுத்த 60 நாட்களுக்குள் கட்டியே ஆகவேண்டியவை: வாடகை, மருந்து, மின்கட்டணம், பழுதாகிப்போன கணினி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையையும் கடைசித் தேதியையும் எழுதுங்கள். மொத்தத்திலிருந்து கையிருப்பைக் கழித்தால் வருவது நெருக்கடித் தொகை.

வலப்பக்கம், ஒரு சாதாரண மாதத்தில் உங்கள் வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் பள்ளம். நோயோ விபத்தோ இல்லாத மாதத்திலும் எவ்வளவு குறைகிறது? அது வாழ்க்கைத் தொகை.

இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கவேண்டும். நெருக்கடிக்கு ஒரு முடிவு உண்டு, வாசகரிடம் ஒருமுறை கேட்டு ஒருமுறை முடித்துவிடலாம். மாதப் பள்ளத்துக்கு முடிவு இல்லை. அதற்குச் சந்தா வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டையும் ஒரே வேண்டுகோளில் போட்டால் அவசரத்துக்கென்று கொடுத்தவர் மறுமாதமும் அதே குரலைக் கேட்பார். மூன்றாம் மாதம் அவர் காதில் அது விழாது.

கூச்சத்தால் தொகையைக் குறைத்துக் கேட்பவர்கள் அதிகம். பாதியைக் கேட்டால் பாதிதான் வரும், மீதிக்கு இரண்டு வாரத்தில் மறுபடி வந்து நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவது முறை கேட்பது முதல்முறையைவிடக் கடினம். முழுத் தேவையையும், அதன்மீது பணப் பரிமாற்றக் கட்டணத்துக்குப் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தே கேளுங்கள்.

உங்களுக்கு வரவேண்டியதை முதலில் வசூலியுங்கள்

வெளியான கட்டுரைக்கு வராத சன்மானம், கணக்கு காட்டப்படாத ராயல்டி, பேசிய தொகையில் பாக்கி: எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கடிதம் போதும். படைப்பின் தலைப்பு, வெளியான தேதி, ஒப்புக்கொண்ட தொகை, வங்கி விவரம், எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கிறீர்கள் என்பது. குற்றச்சாட்டு வேண்டாம். பல இடங்களில் பணம் நிற்பதற்குக் காரணம் உங்கள் ரசீது யாரோ ஒருவர் மேசையில் கிடப்பதுதான்.

கடன் கொடுத்தவரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் தவணை தவறுவதற்கு முன்பே பேசி அவகாசம் கேளுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பவருக்குக் கிடைப்பதைவிட முன்கூட்டிக் கேட்பவருக்கு அதிகம் கிடைக்கும். இதனால் இடப்பக்கத்து எண் குறைந்தால் அந்த அளவுக்கு வாசகர்மேல் சுமை குறைகிறது.

எழுத்தாளர்களுக்கென்றே இருக்கும் நிதிகள்

இவை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. பிளேட்டோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஃபிளோயர் சிடன்ஹாம் 1787இல் கடனில் சிக்கி இறந்துபோனார். அந்த மரணம் உலுக்கிய டேவிட் வில்லியம்ஸ் என்பவர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1790இல் லண்டனில் ஒரு நிதியைத் தொடங்கினார். ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. பிரிட்டனில் நூல் வெளியிட்ட, பண நெருக்கடியில் உள்ள எழுத்தாளர்களுக்கு உதவுகிறது. அமெரிக்காவில் 1917 முதல் ஆதர்ஸ் லீக் ஃபண்ட் இருக்கிறது. எழுதியதற்காக அரசின் அடக்குமுறைக்கு ஆளானவர்களுக்கு நெதர்லாந்தில் இயங்கும் பென் அவசர நிதி உதவுகிறது.

ஒவ்வொன்றுக்கும் தகுதி விதிகள் உண்டு: எங்கே வசிக்கிறீர்கள், எத்தனை நூல் வெளியிட்டிருக்கிறீர்கள், நெருக்கடி என்ன வகை. உங்கள் நாட்டு எழுத்தாளர் சங்கத்திடமும் பத்திரிகையாளர் சங்கத்திடமும் கேளுங்கள். தங்கள் உறுப்பினர்களுக்கென்று சிறு நிதி வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. விண்ணப்பத்துக்குப் பொதுவாக வருமான விவரம், வெளியான படைப்புகளின் பட்டியல், நெருக்கடிக்கான சான்று ஆகியவை தேவைப்படும். நீங்கள் எழுதிய இரண்டு எண்கள் இங்கேயும் அப்படியே பயன்படும்.

உடனே பணம் வராது, வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் வாசகரிடம் கேட்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இந்த வழியில் உங்கள் நிலைமையை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதியாகத் தோன்றுகிறது.

பணம் எந்த வழியில் வரவேண்டும்

நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் இழப்பு மிகக் குறைவு. ஆனால் கணக்கு எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். கேட்பவருக்குத் தனியே அனுப்புங்கள்.

அட்டை வழியாகப் பணம் பெறும் தளங்கள் பல. கோ-ஃபை, ஒருமுறை தரும் சிறு நன்கொடைகளில் தரகு எடுப்பதில்லை. பை மீ எ காஃபி 5 சதவீதம் எடுக்கிறது. மின்னஞ்சல் வழியே எழுத்தை அனுப்பும் தளமான சப்ஸ்டாக் கட்டணச் சந்தாவில் 10 சதவீதம் எடுக்கிறது. இவற்றுக்கு மேல், அட்டைப் பணத்தைக் கையாளும் நிறுவனத்தின் கட்டணம் தனி. அங்கேதான் புதியவர்கள் கவனிக்காத ஓட்டை இருக்கிறது. ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் வழக்கமாக வாங்குவது 2.9 சதவீதத்துடன் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 30 சென்ட். ஒருவர் 1 டாலர் அனுப்பினால் சுமார் 33 சென்ட் வழியிலேயே போய்விடும். 5 டாலரில் சுமார் 45 சென்ட் போகும். அதே 5 டாலரை மாதாமாதம் பன்னிரண்டு முறை அனுப்பினால் ஆண்டுக்கு 5 டாலருக்கு மேல் கட்டணம். 60 டாலராக ஒரே முறையில் அனுப்பினால் ஏறக்குறைய 2 டாலர்தான். மிகச் சிறிய தொகைகளை அடிக்கடி பெறுவதைவிட, சேர்த்து ஒருமுறை பெறுவது உங்களுக்கும் நல்லது, கொடுப்பவரின் பணமும் வீணாகாது.

விதிகளும் கட்டணங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. கணக்குத் தொடங்கும் நாளில் அந்தத் தளத்தின் கட்டண விவரத்தை முழுதாகப் படியுங்கள். உங்கள் நாட்டில் அங்கிருந்து பணம் எடுக்க முடியுமா என்பதையும் அன்றே பாருங்கள். சப்ஸ்டாக்கின் கட்டணச் சந்தா ஸ்ட்ரைப் வழியாகவே நடக்கிறது. ஸ்ட்ரைப் இயங்காத நாட்டில் இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஒரு திட்டத்துக்குப் பலரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் போன்ற இடங்களை நெருக்கடிக்கு நம்பவேண்டாம். இலக்குத் தொகை முழுதாகச் சேராவிட்டால் அங்கே ஒரு காசும் கைக்கு வராது. இன்னும் எழுதாத புத்தகத்துக்கு முன்பதிவு வாங்குவதையும் நான் தடுப்பேன். அந்தப் பணம் வாடகையில் கரைந்துவிடும். பிறகு அச்சுக்கூலியும் இல்லை, உடலில் தெம்பும் இல்லை, ஆனால் நூறு பேருக்குப் புத்தகம் தரவேண்டிய கடன் மட்டும் இருக்கும். ஏற்கெனவே அச்சாகி வீட்டில் கிடக்கும் பிரதிகளை விற்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நெருக்கடி வருவதற்கு முன்பே கணக்கைத் தொடங்கி, அடையாளச் சரிபார்ப்பை முடித்து, ஒரு நண்பரிடம் சிறு தொகை அனுப்பச் சொல்லிச் சோதித்துவிடுங்கள். நேற்றுத் திறந்த கணக்கில் இன்று திடீரென்று பணம் குவிந்தால் நிறுவனங்கள் சந்தேகப்பட்டு அதை நிறுத்திவைப்பதுண்டு. சிக்கலான கணக்கின் பணத்தை 180 நாட்கள் வரை பிடித்துவைக்க விதிகளில் இடமளித்திருக்கும் நிறுவனமும் உண்டு. வாடகைக்கு வந்த பணம் ஆறு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து என்ன பயன்?

வேண்டுகோளை எழுதுதல்

கதை எழுதத் தெரிந்தவருக்கும் கடினமாக இருக்கும் எழுத்து இது. ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

‘கடந்த மாதம் எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் எழுத முடியாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தில் வாடகைக்கும் மருந்துக்கும் இவ்வளவு தேவை. இதில் இவ்வளவு என்னிடம் இருக்கிறது. மீதியை வாசகர்களாகிய உங்களிடம் கேட்கிறேன். தொகை சேர்ந்த அன்று, அல்லது வரும் 30ஆம் தேதி, எது முதலில் வருகிறதோ அன்று இந்த வேண்டுகோளை முடித்துக்கொள்வேன். உங்கள் நிலையும் நெருக்கடியாக இருந்தால் தயவுசெய்து எதுவும் அனுப்ப வேண்டாம். எப்போதும்போலப் படியுங்கள், அது போதும்.’

எவ்வளவு, எதற்கு, எதுவரை என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. படிப்பவர் தன் கையிலிருப்பதை அந்தத் தொகையோடு ஒப்பிட்டு, தான் கொடுப்பது அதில் எவ்வளவு பெரிய பங்கு என்று பார்க்க முடிகிறது. முடிவுத் தேதி இருப்பதால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது குறைகிறது. கடைசி வாக்கியத்தைச் சிலர் தேவையில்லை என்பார்கள். நான் அதை எப்போதும் வற்புறுத்துவேன். உங்கள் வாசகர்களில் உங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், அவர்கள்தான் பெரும்பாலும் முதலில் பணம் அனுப்புவார்கள்.

விட்டுவிட வேண்டியவையும் உண்டு. நோயின் பெயரையும் மருத்துவ அறிக்கையையும் வெளியிட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. குடும்பத்தில் இன்னொருவரின் நோயோ கடனோ காரணம் என்றால் அவர் அனுமதி இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இணையத்தில் போட்டதைத் திரும்பப் பெற முடியாது. ‘உதவாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன்’ என்பது வேண்டவே வேண்டாம். அதைப் படித்துக் கொடுப்பவர் பயத்தில் கொடுக்கிறார். பணம் தர மறுத்த பதிப்பாளரைச் சாடுவதற்கும் இது இடமில்லை. படிப்பவரின் கவனம் சண்டைக்குப் போய்விடும்.

எழுதி முடித்ததும் ஒரு இரவு விட்டுவைத்து, மறுநாள் நம்பிக்கையான ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எங்கே மன்னிப்புக் கேட்பதுபோல ஒலிக்கிறதோ அங்கே இரண்டு வார்த்தைகளை வெட்டுங்கள். வெளியிட்ட பிறகு பாதி வழியில் ஒரு நினைவூட்டல், முடிவுக்கு முந்தைய நாள் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

பணம் வரத் தொடங்கியதும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். பெற்றுக்கொள்வதையும் அளந்தே பெறவேண்டும். தேதி, தொகை, வந்த வழி, நன்றி சொன்னீர்களா என்ற நான்கு விவரங்களோடு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். முடிந்தால் இந்தப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. நன்றி சொல்வதற்கு நீண்ட கடிதம் வேண்டாம், உடல் இடம் கொடுக்கும் வேகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர்களைப் பொதுவில் வெளியிடாதீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல், கொடுக்க முடியாதவரைக் குத்தும்.

இலக்கை எட்டிய நாளில் உடனே நிறுத்துங்கள். அன்றே, ‘தொகை சேர்ந்துவிட்டது, இதற்கு மேல் அனுப்ப வேண்டாம்’ என்று அறிவியுங்கள். பிறகு சில வாரத்தில் ஒரு சிறு கணக்கு: வாடகைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, கட்டணமாகப் போனது இவ்வளவு. ரசீதுகளின் படம் தேவையில்லை. நான் உதவிய எழுத்தாளர் ஒருவர் இதைச் செய்தபோது, கொடுக்காத வாசகர்கள்கூட அவருக்கு எழுதினார்கள். என்னிடம் கேள்வி கேட்ட அந்த வாசகிக்கு நான் தர முடியாமல்போன பதில் இதுதான்.

பணத்தோடு நிபந்தனையும் வரலாம். ‘இனி இந்தப் பொருளைப் பற்றி எழுதக் கூடாது’, ‘என் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை தாருங்கள்’ என்று. தொகை எவ்வளவு பெரிதானாலும் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரே ஒருவர் தேவையில் பாதியைத் தருவதாகச் சொன்னாலும் யோசியுங்கள். பலர் சிறிதுசிறிதாகத் தந்த பணத்தில் யாருடைய கையும் உங்கள் பேனாமேல் இருக்காது.

ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். வழக்கமான முறை இது: தேவைக்கு மிக அதிகமாக ஒருவர் அனுப்புவார், ‘தவறுதலாகக் கூடுதலாகப் போய்விட்டது, மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்பார். நீங்கள் அனுப்பிய பிறகு அவருடைய முதல் பணம் திருட்டு அட்டையிலிருந்து வந்தது என்று ரத்தாகும். வந்ததும் போய்விடும், நீங்கள் அனுப்பியதும் திரும்பாது. கூடுதல் பணத்தை வேறு கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். வந்த வழியிலேயே முழுதாக ரத்துசெய்யுங்கள். உங்கள் பெயரில் போலி வேண்டுகோள் வெளியிடுவோரும் உண்டு. அதனால் பணம் அனுப்பும் முகவரி எது என்பதை ஒரே இடத்தில் நிலையாக எழுதிவையுங்கள்.

வரி: பிரதிபலன் எதிர்பாராமல் தரும் அன்பளிப்பையும், சந்தாவையும் பல நாடுகளின் சட்டங்கள் வெவ்வேறாகப் பார்க்கின்றன. சந்தா பொதுவாக வருமானம். உங்கள் நாட்டு விதியைக் கணக்காளரிடம் கேளுங்கள். அரசின் உதவித்தொகை பெறுபவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகை பெறும் தனிநபரின் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் அந்த உதவியே நின்றுபோகும். வாசகர்கள் அன்போடு சேர்த்த பணம் நிரந்தர உதவியைப் பறித்துவிடக் கூடாது. வேண்டுகோளை வெளியிடும் முன்பே விசாரியுங்கள்.

நெருக்கடி தீர்ந்த பிறகு: வலப்பக்கத்து எண்

இரண்டு மூன்று மாதம் மூச்சுவிட்டுவிட்டு அந்த இரண்டாவது பத்திக்கு வாருங்கள். மாதப் பள்ளத்தை ஓர் ஆண்டுச் சந்தாவில் கட்டணம் போக உங்கள் கைக்கு வரும் தொகையால் வகுத்து, பன்னிரண்டால் பெருக்கினால் எத்தனை பேர் தேவை என்று தெரியும். பெரும்பாலும் அது நீங்கள் பயந்த அளவுக்குப் பெரிய எண்ணாக இருக்காது.

சந்தாதாரருக்குத் தனிச் சலுகைகளை அள்ளி வழங்குவதாக வாக்களிக்காதீர்கள். வாரம் ஒரு கடிதம், மாதம் ஒரு நேரலை, கையெழுத்திட்ட அட்டை என்று சொல்லிவிட்டு, எழுதவேண்டிய நேரத்தில் உறை ஒட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் திறந்திருக்கும் எழுத்து, முடிந்தவர்கள் அதைத் தாங்குகிறார்கள் என்ற ஏற்பாடே நோய்வாய்ப்பட்டவருக்கும் தனியாக உழைப்பவருக்கும் ஏற்றது. எழுத முடியாத மாதத்தில் கட்டணத்தை நிறுத்திவைக்கும் வசதி இருக்கும் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை உங்கள் கையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும் பாருங்கள். தளம் மூடினாலும் மாறினாலும் உங்களிடம் மிஞ்சுவது அந்தப் பட்டியல்தான்.

கொடுக்க நினைக்கும் வாசகருக்கு

உங்களுக்கு வலிக்காத தொகையைத் தேர்ந்தெடுங்கள். கணினியின் உலாவி வழியாக அனுப்ப முடியுமானால் அப்படியே செய்யுங்கள்; கைபேசிச் செயலிக்குள் செலுத்தும் பணத்தில் செயலிக் கடையை நடத்தும் நிறுவனமும் பங்கு எடுத்துக்கொள்வது உண்டு. அனுப்பும் முன், வேண்டுகோள் உண்மையில் அந்த எழுத்தாளருடையதுதானா என்று அவருடைய வழக்கமான இடத்தில் சரிபாருங்கள். அனுப்பிய பின் ‘எதற்குச் செலவழித்தீர்கள், ஏன் காப்பீடு எடுக்கவில்லை’ என்று விசாரிக்காதீர்கள்.

பணம் இல்லாதபோதும் செய்யக்கூடியவை உண்டு. அவருடைய நூலை வாங்கச் சொல்லி உங்கள் நூலகத்திடம் எழுதிக் கேளுங்கள். டென்மார்க் 1946இல் தொடங்கிவைத்த வழியில், நூலகத்தில் இருக்கும் நூல்களுக்காக எழுத்தாளருக்குத் தொகை தரும் நாடுகள் இன்று பல இருக்கின்றன. உங்கள் நிறுவனமோ கல்லூரியோ பேச்சாளரைத் தேடினால் அவர் பெயரைச் சொல்லுங்கள், கட்டணம் உண்டு என்பதையும் உறுதிசெய்துவிட்டு.

சந்தாவை நிறுத்த வேண்டிய நிலை உங்களுக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது எழுதத் தோன்றினால், அவர் எழுதியதில் எது உங்கள் மனத்தில் தங்கியிருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.